பாதி மிலிட்டரி

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் 'பாதி மிலிட்டரி' என்பார்கள். முழு மிலிட்டரி, என் அக்கா வீட்டுக்காரர். இரண்டு பேருக்கும் ஒரே சட்டை, ஒரே பூட்ஸ், ஒட்ட வெட்டின அதே தலை. சேர்ந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பிள்ளையார்பாளையத்துக்குள் நடந்து வந்தால் புது ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. தெருவுக்குத் தெரியும். மாமா கடைக்குப் போனால், "எப்ப வந்தீங்க சார்?" என்பார்கள். இவர் போனால், "இப்ப டூட்டியில இருக்கீங்களா, வீட்ல இருக்கீங்களா?" என்பார்கள்.

எங்கள் கல்யாண வாழ்க்கை முழுக்க இந்த ஒரு கேள்விக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாமா சேர்ந்தது ரெகுலர் ஆர்மி. எல்லையில் நின்றாலும் சம்பளம், லீவில் வந்து கூடத்தில் குப்புறப் படுத்துத் தூங்கினாலும் சம்பளம். இவர் சேர்ந்தது டெரிடோரியல் ஆர்மி. கூப்பிட்டால் போக வேண்டும். போய் நிற்கிற வரை மாமாவுக்கு என்ன உண்டோ அது இவருக்கும் உண்டு. சாப்பாடு, துப்பாக்கி, குளிர், பயம், சம்பளம் எல்லாம் அதே அளவுதான். வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டால் அன்றோடு சம்பளம் நின்றுவிடும். அடுத்த தடவை கூப்பிடுகிற வரை, வருஷாந்திரப் பயிற்சி நாட்களைத் தவிர, ஒரு பைசா வராது. அவரவர் பிழைப்பை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவர் ஆசைப்பட்டது முழு மிலிட்டரிக்குத்தான். சொந்த ஊர் திருப்புட்குழி. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து கோயில் குளத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தவர். ஆள் எடுக்கிற இடத்துக்கு ஒரு தடவை காய்ச்சலோடு போய் ஓட்டத்தில் பின்தங்கினார். இன்னொரு தடவை பரீட்சையில் போய்விட்டது. அப்புறம் வயசு தாண்டிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார். என்னைக் கட்டிக்கொண்டு, நான் தறியை விட்டு நகர முடியாது என்பதால் எங்கள் வீட்டோடு வந்து இருந்தார். லீவில் வந்திருந்த மாமாதான் ஒருநாள் சாப்பிடும்போது, "சகல, டெரிடோரியல்னு ஒண்ணு இருக்குது, அதுல உன் வயசெல்லாம் ஒரு வயசே இல்ல" என்று ஆரம்பித்து வைத்தார். இவர் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

அதில் சேர ஏற்கெனவே ஒரு வேலை பார்க்கிறவராக இருக்க வேண்டும் என்பது விதி. வேலை இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்து பயிற்சி முடிந்த கையோடு படையை ஜம்மு பக்கம் அனுப்பினார்கள். இவருடைய வேலை போய்விட்டது. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த நாற்காலி அப்படியே காத்திருக்குமாம். காண்ட்ராக்ட் ஆளுக்காக எந்த மிஷின் காத்திருக்கும்?

ஆனால் அந்தக் காலம் நன்றாகவே இருந்தது. மாசக் கடைசியில் ஒரே காலையில் அக்கா போனிலும் என் போனிலும் சம்பளச் செய்தி வரும். அம்மா இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போய் இரண்டு பேருக்கும் காபி கொண்டுவருவாள். அப்பா போனதிலிருந்து அந்த வீட்டில் அம்மா, அக்கா, நான், எங்கள் பிள்ளைகள்தான். இரண்டு மாப்பிள்ளைகளும் மலையில் நின்றார்கள். நாங்கள் தறியில் உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் மத்தியானம் இவரிடமிருந்து போன். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா எடுத்தாள். ஒரு வார்த்தைதான் கேட்டிருப்பாள், "ஐயோ" என்று கத்திக்கொண்டு சுவரோடு சரிந்துவிட்டாள். நான் சோப்புக் கையோடு ஓடிப்போய் போனைப் பிடுங்கினேன்.

"என்னங்க? என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலயே. எங்களை டிஸ்எம்பாடி பண்ணிட்டாங்க, அதான் சொன்னேன். அத்தை ஏன் கத்தறாங்க?"

படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்புவதற்கு அவர்கள் பேச்சில் அந்தப் பெயர். அம்மா காதில் 'பாடி' மட்டும் விழுந்திருக்கிறது. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து விளக்கிச் சொன்ன பிறகு அம்மா சிரித்தாள், அக்கா சிரித்தாள், தெருவே சிரித்தது. அடுத்த மாசக் கடைசியில் அக்கா போன் மட்டும் மணி அடித்தபோதுதான் அந்த வார்த்தைக்கு முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது.

கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினவர் முதல் வாரம் மகளைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. இரண்டாவது வாரத்தில் இருப்புக் கொள்ளாமல் போய்விட்டது. இருட்டு பிரிவதற்குள் எழுந்து சர்வதீர்த்தக் குளம் வரைக்கும் ஓடிவிட்டு வருவார். பூட்ஸை எடுத்துத் துடைப்பார். போட்டுக்கொள்ள இடமில்லாத பூட்ஸ் அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் காலையிலேயே தொடங்கிவிடும். எல்லா வீட்டு ஆம்பிளைகளும் ஏதோ ஒரு வேலையில் இருப்பார்கள், தறிக்குப் பாவு நூல் நீட்டுவார்கள், பட்டுக்குச் சாயம் ஏற்றுவார்கள். இவருக்குத் தறி தெரியாது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். போனை எடுத்துப் பார்ப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார்.

"உக்காருங்களேன்" என்றால், "உக்காந்துக்கினுதான் இருக்கேன்" என்பார், நின்றபடி.

வேலை தேடாமல் இல்லை. தேடின இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி. "மறுபடி கூப்ட்டா போயிடுவியா?" இவர் ஒளிவுமறைவு இல்லாமல், "போய்த்தான் ஆவணும் சார்" என்பார். கதை அத்தோடு முடிந்துவிடும்.

"போ மாட்டேன்னு சொல்லுங்களேன். கூப்பிடும்போது பாத்துக்கலாம்" என்றேன் ஒருநாள்.

"சேர்றப்பவே பொய் சொல்லிட்டு, அவன் எதிர்ல தினம் எப்படி நிக்கறது?"

"பொய் இல்லாம நின்னுக்கினு இருக்கீங்களே, வீட்ல" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். முகத்தில் தெரிந்திருக்கும். அன்றைக்கு முழுக்க என் பக்கம் வரவில்லை.

ஒரு பேங்கில் துப்பாக்கியோடு வாசலில் நிற்கிற காவல் வேலை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டார். மிலிட்டரியில் இருந்து வந்தவர்களுக்குத்தான் அந்த வேலை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, முன்னாள் ராணுவத்தினர் விவகாரம் பார்க்கிற ஆபீசுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கிருந்த பெரியவர் மரியாதையான மனுஷர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், இவர் எங்கெங்கே நின்றார் என்று எல்லாம் கேட்டார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தம்பி, இது எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு. டெரிடோரியல்ல பென்ஷன் வாங்கற அளவுக்கு டூட்டி பாத்திருந்தாத்தான் உங்களை அந்தக் கணக்குல சேப்பாங்க. விட்டு விட்டுக் கூப்பிடறாங்க இல்ல, அந்த அளவு சேர்றது கஷ்டம். மெடல் வாங்கியிருந்தாலோ, அடிபட்டுக் கை கால் போயிருந்தாலோ அது வேற."

அவர் விதியைச் சொன்னார், அவ்வளவுதான். இவர் எழுந்து நின்று, அந்தப் பெரியவருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "இப்ப நான் சர்வீஸ்லயும் இல்ல, எக்ஸும் இல்ல. அப்ப நான் யாரு?" என்றார். "காலு கையோட இருக்கீங்களே, அது போதும்" என்றேன். அவருக்குச் சமாதானமானதாகத் தெரியவில்லை. எனக்கே ஆகவில்லை.

அந்த வருஷம் வெயில் காலத்தில் எல்லைப் பக்கம் சூடு ஏறிவிட்டது. டிவியை எப்போது போட்டாலும் விமானம், புகை, மேப்பு, கத்துகிற ஆட்கள். மாமா அப்போது அந்தப் பக்கம்தான் இருந்தார். போன் எடுக்கவில்லை. அக்கா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

டெரிடோரியல் ஆட்களையும் கூப்பிடுவார்கள் என்று ஒரு செய்தி ஓடியது. இவர் நடை நின்றுவிட்டது. வாசற்படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை மாசத்தில் அவர் அப்படி அமைதியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

நாங்கள் அப்போது ஒரு கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை ஒருத்தியாக நெய்ய முடியாது. நடுவில் உட்கார்ந்து அக்கா நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவை நான் விட வேண்டும். அவள் காலால் மிதியை மாற்றுகிற நேரமும் நான் நாடா விடுகிற நேரமும் தப்பக் கூடாது. அம்மா எதிரே உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மாப்ளையயும் கூப்பிடுவாங்களா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"கூப்ட்டா தேவல" என்றேன்.

அக்காவின் கால் மிதியில் நின்றது.

"என்னடி சொன்ன?"

நான் குனிந்து கரை நூலைச் சரிசெய்தேன்.

"என்ன சொன்னேன்னு கேக்கறேன். அங்க குண்டு போட்டுக்கினு இருக்கான். எம் புருஷன் உயிரோட இருக்காரா இல்லயான்னு எனக்குத் தெரில. உனக்குச் சண்ட வந்தா தேவலயா?"

"சண்ட வரணும்னு நான் எங்க சொன்னேன்?"

"வேற எதுக்குடி கூப்பிடுவாங்க? கல்யாணத்துக்கா?"

"உனக்கென்னக்கா? மாமா அங்க இருந்தாலும் வருது, இங்க வந்து தூங்கினாலும் வருது. இவரு போய் நின்னாத்தானே வருது! அவருக்குச் சண்ட வந்தாத்தான் சோறுன்னு எழுதி வெச்சது நானா?"

சொன்ன பிறகுதான் வாசலில் இவர் இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். படி காலியாக இருந்தது. தெருமுனையில் அவர் முதுகு போய்க்கொண்டிருந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மிதியை அழுத்தினாள். நான் நாடாவை விட்டேன். சேலையைச் சொன்ன நாளில் கொடுத்தாக வேண்டும். தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நாலைந்து நாள் நெய்தோம். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர் ஆளுக்கொரு அறையில் கதவை மூடிக்கொண்டு உட்காரலாம் என்று கதைகளில் வரும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

கூப்பிட்டுவிட்டார்கள். கோவைக்கு வந்து சேரச் சொல்லி காலையில் செய்தி வந்தது. இவர் பெட்டியை அடுக்கின வேகத்தைப் பார்க்க வேண்டுமே. எது எங்கே என்று ஒரு தடவை கூட என்னைக் கேட்கவில்லை. எல்லாம் ஏற்கெனவே அடுக்கியே வைத்திருந்திருக்கிறார். முகத்தில் ஒரு பளபளப்பு, அதை என்னிடமிருந்து மறைக்கிற ஒரு கூச்சம். அரக்கோணத்தில் ரயில். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் மகளும் போனோம். பஸ் கிளம்புகிற நேரத்தில், "அன்னிக்கு நீ சொன்னது சரிதான்" என்றார்.

"எதுங்க?"

"எழுதி வெச்சது நீ இல்ல."

பஸ் போய்விட்டது. கூப்பிட வேண்டும் என்றுதானே இருந்தேன்? வீட்டுக்கு வந்ததும் டிவியைப் போட்டேன். அதே புகை, அதே மேப்பு. அந்த மேப்பில் இவர் எங்கே என்று தேடினேன். சோறு இறங்கவில்லை. மகள் ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை.

அக்கா வந்து டிவியை அணைத்தாள். ரிமோட்டை எடுத்து அலமாரிக்கு மேலே, எனக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

"பாக்காத. அவனுங்க சொல்றது ஒண்ணும் நெசமில்ல. எதுன்னாலும் நமக்குப் போன்லதான் வரும். எழுந்து வா, கரை பாதியில நிக்குது."

இவ்வளவு வருஷமாக அவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள். சம்பளச் செய்தி வந்த காலையில் மட்டும்தான் நான் அவளைப் பார்த்திருக்கிறேன். மற்ற காலைகளில் அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டதில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைக் கையில் எடுத்தேன்.

கொஞ்ச நாளில் சூடு தணிந்தது. மாமா போனில் வந்தார். இவரும் வந்தார். ஒரு பாலத்துக்குக் காவல் நிற்பதாகச் சொன்னார், எந்தப் பாலம் என்று சொல்லவில்லை. மாசக் கடைசியில் இரண்டு போனும் அடித்தன. நானும் அக்காவும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்ளவில்லை.

மழைக்காலம் தொடங்குவதற்குள் இவர்களைக் கலைத்து அனுப்பிவிட்டார்கள். மாமாவுக்கும் அதே சமயத்தில் லீவு கிடைத்தது. இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சமைத்தோம். சாப்பிட்டு முடித்து ஆம்பிளைகள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் அடுப்படியில் இருந்தோம், எல்லாம் கேட்டது.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சகல, தப்பா எடுத்துக்காத. வேல ஒண்ணு அமையற வரிக்கும் வீட்டுச் செலவ நான் பாத்துக்கறேன்பா" என்றார்.

இவர் கையை அசைத்து மறுத்தார். "வேணாம் சகல."

"ஏன்? நீ நின்ன மாதிரிதானே நானும் நின்னேன். அங்க உனக்கும் எனக்கும் ஒரே சாப்பாடு. ரயில் ஏறி இறங்கினா நான் வேற, நீ வேறயா? எனக்கே ஒரு மாதிரியா இருக்குது."

"உனக்கு ஏன் ஒரு மாதிரியா இருக்கணும்? நீயா பண்ண?"

மாமா சிரித்தார். அப்புறம் தணிந்த குரலில் சொன்னார். "ஒண்ணு சொல்லட்டா. எம் பையன் என்னைப் பாத்தா இன்னமும் அவங்கம்மா பின்னாடி போய் நிக்கிறான். உம் பொண்ணு உன் முதுகுல ஏறிக்கினு ஊரச் சுத்துது. நான் நெனச்சாலும் வெளிய வர முடியாது. பென்ஷனுக்கு இன்னும் வருஷம் இருக்குது. வாசப்படியில சும்மா உக்காந்திருக்கியே நீ, அத நெனச்சு அங்க நான் பொறாமப்பட்டிருக்கேன்."

"மாத்திக்கலாமா, சகல?"

"மாத்திக்கலாம். ஆர்மிக்கு நாளைக்கே எழுதிப் போடறேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அம்மா எட்டிப் பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை. சாமான் கழுவிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, "பின்னாடி போய் நிக்கிறான்னு சொல்றாரே, கவனிச்சிருக்காரு பாரேன்" என்றாள் என்னிடம்.

லீவு முடிந்து மாமா போன பிறகு இவருக்கு ஒரு வேலை அமைந்தது. கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போய்வருகிற பஸ். படையில் இவருக்குப் பெரிய வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பஸ் முதலாளியும் அதே கேள்வியைக் கேட்டார், இவரும் அதே பதிலைச் சொன்னார். முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார்.

"கூப்ட்டா போ. வேற ஆளப் போட்டுக்கறேன். திரும்பி வந்தா வண்டி உனக்குத்தான். ஆனா ஓட்டாத நாளைக்குக் கூலி கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, "இங்கயும் அதே சட்டம்தான்" என்றார். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் உட்கார்ந்து, அவசரப்படாமல் சாப்பிட்டார்.

இப்போதும் அந்த பஸ்தான் ஓட்டுகிறார். இருப்புக் கொள்ளாதது முழுசாகப் போய்விடவில்லை. பஸ் இல்லாத நாளில் கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பார். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. அவர் போன் அடித்தால் என் கை தானாக நின்றுவிடுகிறது. எல்லையில் சத்தம் என்றால் பயம். சத்தம் இல்லை என்றால் மாசக் கடைசிக் கவலை. நிம்மதியாக இருப்பதற்கு எங்களுக்கு என்று யாரும் ஒரு காலம் ஒதுக்கவில்லை.

போன மாசம் அவருடைய முதல் ஒப்பந்தக் காலம் முடிந்தது. தொடர வேண்டுமானால் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். விட்டுவிட்டால் வெறும் டிரைவர். யாரும் பாதி என்று சொல்ல மாட்டார்கள், பஸ் ஓட்டுகிற நாளெல்லாம் கூலி உண்டு. நான் தறியிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்க வந்தபோது வழியில் வந்து நின்றார்.

"உன்னக் கேக்காம போடக் கூடாதுன்னு இருக்கேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "என்னக் கேக்காதீங்க. கேட்டா வேணாம்னுதான் சொல்வேன்."

"அப்ப வேணாமா?"

"கேக்காதீங்கன்னுதானே சொன்னேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் எடுக்கப் போனார். அடுத்த வாரம் கோவைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வந்து என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகள்தான் எனக்குச் சொன்னாள். அக்கா அதைக் கேட்டுவிட்டு, "நீ போடச் சொன்னியா, வேணாம்னு சொன்னியா?" என்றாள்.

"ரெண்டும் சொல்லல."

"நானும் அப்பிடித்தான்டி இருந்தேன், உன் மாமா கிளம்பின எல்லா தடவயும்" என்றாள் அக்கா. அறுந்த நூல் ஒன்றைத் தேடி, குனிந்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.